ட்ரம் இல்லாத கூடம்

நல்லம்பள்ளிப் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலையின் கணினித் திரையில் பதினாறு கட்டங்களில் ஏழு, செய்தி வராமல் சிவந்திருந்தன. திரை தன்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும் என்பதுபோல் பேராசிரியர் தீர்த்தகிரி அதை முறைத்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு ஆய்வுக்குழு வருகிறது.

கொதிகலனிலிருந்து கிடங்கு வரை பதினாறு கம்பியில்லாக் கருவிகள். ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது வெப்பநிலையை அடுத்ததன் காதில் போட வேண்டும், அது அதற்கடுத்ததிடம். எது எந்த நொடியில் பேசுவது என்ற அட்டவணையையும், அதன்படி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செய்தி தப்பாமல் சேரும் என்பதையும் பேராசிரியர் நாற்பது பக்கச் சமன்பாடுகளில் நிறுவியிருந்தார். எழுதியவள் ஆராய்ச்சி மாணவி சுசித்ரா, நிறுவியவர் அவர். அளவெடுத்தது தை மாதம், ஆலை பூட்டிக் கிடந்தபோது. இது ஆனி. கூழ் நிரப்பிய இரும்பு ட்ரம்கள் கூடத்தில் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கப்பட்டு, கருவிகளின் அலைகளை மறித்து நின்றன.

"மாடல்ல ட்ரம்மே கிடையாதே," என்றார், குற்றம் ஆலையுடையது என்ற தோரணையில்.

கூழைச் சூடாக்கும் இயந்திரத்தின் முள்ளைப் பார்த்துச் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்த ராமக்காள் திரும்பாமலே சொன்னாள்: "சீசன்ல கூழை மடியிலயா கட்டி வெப்பாங்க?"

சமன்பாட்டைத் திருத்துவதைவிட ஆலையைத் திருத்துவது அவருக்குச் சுலபம். "எல்லாத்தையும் வெளிய எடுக்கச் சொல்லுங்க."

ஃபோர்க்லிஃப்ட் நூற்றிருபது ட்ரம்களை வெயிலில் வைத்தது. கட்டங்கள் பச்சையாயின. குழு வந்தது, பச்சையைப் பார்த்தது, மாம்பழச்சாறு குடித்தது, உலகத்தரம் என்றது. போர்த்திய பொன்னாடையை அந்தப் புழுக்கத்திலும் பேராசிரியர் கழற்றவில்லை.

ஒரு தாள் மிச்சமிருந்தது. 'ஆலை முழு இயக்கத்தில் இருந்தபோது அளந்தது' என்ற வரிக்குக் கீழே சுசித்ரா கையெழுத்துப் போட வேண்டும்.

"சார், ட்ரம்மோட ஒரு நாள் அளந்துடறேனுங்க."

"அஞ்சு வருஷமாச்சு இல்ல? தீசிஸ்ல என் சைன் வேணும்ல?" அன்பாகச் சிரித்தார். "சாயங்காலம் டேபிள்ல இருக்கட்டும்மா."

கார்கள் போயின. ராமக்காள் அருகில் வந்து நின்றாள்.

"போடப்போறியா கண்ணு?"

"தெரியலக்கா."

"நீ போட்டா, இந்தக் கருவிப் பெட்டியே போதும்னு என் சிலேட்டை எடுத்துருவாங்களாம். பெட்டி சொல்லாம சூடு கொறஞ்சுதுன்னா, பேரு எனக்குத்தான் வரும்."

ஃபோர்க்லிஃப்ட் முதல் அடுக்கை உள்ளே கொண்டுவந்தது. ஆறாவது கட்டம் சிவந்தது. கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் சுசித்ரா நேரத்தைக் குறித்தாள்: 12.47. அடுத்த அடுக்கு வந்தது. ஒன்பதாவது கட்டம், 12.51. இடம் போதவில்லை. தாளைத் திருப்பினாள்.