வாளியில் பேசுகிறவர்

தெருமுனைக் குழிக்குள் வால்வைத் திருப்ப இறங்கிய குழாய் ரிப்பேர்காரர் தண்ணீரில் கரைந்துபோனார். சட்டையும் செருப்பும் குழியோரம் கிடந்தன, ஸ்பானர் வால்வில் மாட்டியபடி நின்றது, தண்ணீர் மட்டும் நல்ல வேகத்தில் எல்லா வீட்டுக்கும் போனது. மறுநாள் காலை மூன்றாவது மாடியில் அவர் மனைவி அழுது வீங்கின முகத்தைக் கழுவச் சமையலறைக் குழாயைத் திறந்தபோது, "கேஸை மூடினியா?" என்று தண்ணீரிலிருந்து அவர் கேட்டார். வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று தினமும் கேட்கிற கேள்விதான். அவளும் பழக்கதோஷத்தில் "மூடிட்டேங்க" என்றாள். சொன்ன பிறகுதான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்போது அவளுக்கு ஆறாம் மாசம்.

குளியலறைக் குழாயில் அவர் வந்ததில்லை. அதற்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வந்தது, தேங்கிக் கிடக்கிற தண்ணீர் அவருக்கு உயிரோடு இருந்தபோதே ஆகாது. சமையலறைக்குத் தெரு லைனிலிருந்து நேரே ஏறுகிற குழாய், அதில் வந்தார். கட்டடத்தில் மற்றவர்கள் கேன் தண்ணீருக்கு மாறி, அந்த லைனில் தங்கள் வீட்டுக் கிளையை அடைத்து வருஷக்கணக்காகியிருந்ததால் அவர் வழிதவறி வேறு யார் வீட்டிலாவது பேசிவிடுவார் என்ற கவலையும் இல்லை. அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கையும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைத்தாள். பாத்திரம் கழுவுகிற நேரம்தான் புருஷன் பெண்டாட்டி பேச்சு. பேச்சு நீண்டுவிட்டால் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். பெண் குழந்தை பிறந்தது. மீன்குஞ்சு என்று அப்பா செல்லப்பேர் வைத்தார், அதுவே நிலைத்தது. நடக்கத் தெரிந்ததும் மீன்குஞ்சு ஸ்டூல் போட்டு ஏறிக் குழாயில் வாயை வைத்துக் குடிக்கும். அப்படிக் குடித்தால் அப்பா பேசுவது வயிற்றுக்குள் கேட்கிறதாம். எந்தத் தாய்க்குத்தான் அதைத் தடுக்க மனசு வரும்?

பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தது. முகம் வெளுத்தது. நேற்றுப் படித்த எழுத்து இன்று மறந்தது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபம் வந்தது. டாக்டரம்மா ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னாள். ஈயம் இருந்தது. தண்ணீரைச் சோதித்தார்கள், அதிலும் ஈயம். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, ருசியும் மாறாது, குழந்தையின் மூளையைத்தான் முதலில் தின்னும் என்று டாக்டரம்மா சொன்னாள். அம்மா வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து விஷயத்தைச் சொன்னாள்.

"சுவத்துக்குள்ள இருக்கிறது பழைய ஈயக் குழாய்மா," என்றார் அவர். "எனக்குத் தெரியும். எல்லார் வீட்டு வேலையையும் முடிச்சிட்டு நம்ம வீட்டை அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்." அன்று முழுக்கத் தண்ணீர் உப்புக் கரித்தது.

குழாயை மாற்ற வேண்டுமென்றால் மூன்று மாடிச் சுவரையும் உடைக்க வேண்டும், பார்க்கலாம் என்றார் கட்டடச் சொந்தக்காரர். அவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தாள். ஈயம் அப்படியே இருந்தது, அவருக்குக் குரல்தான் கட்டிக்கொண்டது. நீல விளக்கு எரிகிற ஃபில்டர் ஒன்றைப் பக்கத்துக் கடையில் வாங்கிப் பார்த்தாள். கிருமி செத்ததாம், ஈயம் சாகவில்லை, அவரும் உற்சாகமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். கரி போட்ட ஜக்கில் ஊற்றியபோது குளோரின் நாற்றம் போய்க் குரல் பளிச்சென்று இருந்தது. அதற்குமேல் அந்த மலிவு ஜக்கால் முடியவில்லை. கேன் தண்ணீர் வாங்கினாள். அவள் மெஷினில் குனிந்த நேரம் பார்த்துக் குழந்தை குழாயில் வாயை வைத்தது. அடித்தும் பார்த்தாள், அடித்துவிட்டு அவளும் சேர்ந்து அழுதாள். அப்பா பேசாமல் இருந்து பார்த்தார். பேசுவார், இதோ பேசுவார் என்று காத்திருந்து குழந்தை இன்னும் அதிகமாகக் குடித்தது.

கடைசியில் ஆர்.ஓ. ஃபில்டர்காரரை வரவழைத்தாள். மீசையைத் தடவித் தடவிப் பேசுகிற மனிதர். உள்ளே ஒரு சவ்வு இருக்கிறது, தண்ணீரைத் தவிர வேறெதையும் அந்தப் பக்கம் விடாது என்றார். வேறெதையும் என்றால் எதையும் தானா என்று கேட்டாள். எதையும்தான் என்று பெருமையாகச் சொன்னார். பழைய குழாயைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு, லைன் முழுவதையும் ஃபில்டருக்கே கொடுத்துவிடலாம் என்றார். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு அவள் குழாயைத் திறந்தாள்.

"மாட்டிட்டா நீங்க வர முடியாதுங்க."

"கரைய வேண்டியதெல்லாம் எப்பவோ கரைஞ்சாச்சு. இனிமே எனக்கென்ன வந்தது? பிள்ளையப் பாரு."

"பாவி மனுஷா, எனக்கு யாருங்க இருக்கா?"

அவள் குழாயை மூடவே இல்லை. அன்று அவள் ஒரு துணியும் தைக்கவில்லை.

ஃபில்டர் வந்தது. அதன் தண்ணீர் சுத்தமாக இருந்தது, ஊமையாக இருந்தது. மீன்குஞ்சு ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தது. "இதுல அப்பா இல்லை," என்றது. தாகம் தாங்காமல்தான் குடித்தது, அதுவும் மருந்து குடிக்கிற மாதிரி. அவளுக்கு வீடு வெறிச்சென்று கிடந்தது. பாத்திரங்களை ஒரே தடவை கழுவிக் கவிழ்த்தாள்.

ஒரு வாரம் போயிருக்கும். கீழ்வீட்டு அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "உங்க வீட்டுக்காரர் எங்க பின்பக்கத்துச் சாக்கடையில பாடிட்டிருக்கார். பாடட்டும், வேண்டாங்கலை. ஆனா ஒரே பாட்டையே பாடுறாரே!" அதைக் கேட்டு அவள் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். வேறொன்றுமில்லை, எல்லா வீட்டிலும் செய்கிற மாதிரி ஃபில்டர்காரர் கழிவுநீர் டியூபைச் சாக்கடைக்குள் விட்டுப் போயிருந்தார். சவ்வு தள்ளிவிட்டதெல்லாம் அந்த வழியாகத்தான் போனது. "வந்துட்டியா?" என்றார் அவர், "இங்க நாத்தம் குடலைப் பிடுங்குதும்மா."

ஃபில்டர்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து டியூபை மேலே இழுத்துச் சமையலறையில் ஒரு வாளிக்குள் விட்டார். குடிக்கக் கூடாது, தரை துடைக்கலாம் என்றார். அவள் வாளிக்கு மூடி போட்டு, டியூபுக்கு மட்டும் ஓட்டை வைத்துக் கட்டினாள். ஃபில்டரில் நல்ல தண்ணீர் பிடித்தால்தான் டியூபில் மீதம் வரும், மீதம் வந்தால்தான் அப்பா பேசுவார் என்பதை மீன்குஞ்சு முதல் நாளே கண்டுபிடித்துவிட்டது. டம்ளர் டம்ளராக நல்ல தண்ணீரைக் குடித்துவிட்டு வாளிப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"ஒரு டம்ளர் தண்ணிக்கு மூணு டம்ளர் பேச்சு," என்றாள் அம்மா. "உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான்."

மருந்தும் சத்தான சாப்பாடும் ஒரு பக்கம் நடந்தன. குழந்தையின் ரத்தத்தில் ஈயம் குறைந்துகொண்டே வந்தது. முகத்தில் களை வந்தது, படித்த எழுத்துக்கள் மனசில் நின்றன. கோபம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது, அது அம்மா வழி. சவ்வுகள் மாறின, ஃபில்டர் மெஷினும் மாறியது, ஃபில்டர்காரரின் மீசை நரைத்தது. மீன்குஞ்சு படித்து, தண்ணீர் சோதிக்கிற இடத்திலேயே வேலைக்குப் போனாள். தினமும் காலையில் அவள் கிளம்பின பிறகு அம்மா வாளித் தண்ணீரால் வீட்டைத் துடைப்பாள். ஈரம் காய்கிறவரை அறைக்கு அறை அவர் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார். அவள் மெஷினை மிதிக்க உட்கார்ந்ததும் காலடியிலிருந்து கேட்பார்:

"கேஸை மூடினியா?"

"மூடிட்டேங்க," என்பாள். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து, ஈரத் தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.