முதல் ஞாயிறு கேள்வி

ஆள் பொடிசாக இருப்பதால் வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர். தொழில் பல் செட் செய்வது. பிளாஸ்டர் அச்சின் மேல் விரலை ஓட்டினால் போதும், கண்ணுக்குத் தெரியாத மேடுகூடப் பிடிபட்டுவிடும். அப்பேர்ப்பட்ட விரல்கள் ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் பதினோரு வருடமாகப் போகவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் தனக்கு மார்பில் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்த கையோடு அம்மா ஒரு சட்டம் போட்டாள். அண்ணனும் கடுகும் மார்பில் கட்டி உண்டா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, மாதத்தின் முதல் ஞாயிறு காலை அம்மாவோடு மூவருமாகப் போனில் ஒன்றாக வந்தாக வேண்டும்.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. தொப்பையத் தவிர வேற கட்டி இல்ல," என்பான் பஸ் ஓட்டுகிற அண்ணன்.

"வாயக் கழுவுடா. ஆம்பளைக்கும் வரும்னு டாக்டர் சொல்லிருக்காங்க. நீ என்னடி?"

"பாத்தாச்சும்மா."

பச்சைப் பொய். சாப்பிட்டியா என்றால் பட்டினி கிடந்தாலும் 'ஆச்சு' என்கிறோமே, அந்த மாதிரி. தொட்டுப் பார்க்காதவரை அங்கே எதுவும் இல்லை என்பது கடுகின் கணக்கு.

போன செவ்வாய்க்கிழமை, வேலை மேசை விளிம்பில் சாய்ந்து ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் சுருக்கென்றது. கை தானாகப் போனது. உள்ளே பட்டாணி அளவில் ஓர் உருண்டை. பல் தேய்க்கிற மோட்டார் அதன் பாட்டுக்குச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் அம்மாவுக்குச் சொல்லப் போனை எடுத்து, நம்பரைப் போடாமலே வைத்தாள். ஞாயிறும் வந்துவிட்டது.

"பாத்தாச்சா?"

அண்ணன் தன் தொப்பையைப் பற்றிச் சொல்லி முடித்தான். கடுகின் முறை. பழக்கப்பட்ட பதில் நாக்கின் நுனிவரை வந்து நின்றது.

"பாத்தேம்மா. என்னமோ இருக்கு."

 அம்மா நிதானமாகக் கேட்டாள்.

"தொட்டா நகருதா?"

"நகருதும்மா."

"போன மாசம் இருந்துச்சா? டாக்டர் முதல்ல அதத்தான் கேப்பாங்க."

இங்கேதான் மாட்டினாள்.

"தெரியாதும்மா. போன மாசம் பாக்கல. அதுக்கு முந்தின மாசமும் பாக்கல. ஒரு தடவகூடப் பாத்ததில்லம்மா."

"அடிப்பாவி! மாசாமாசம் பாத்தாச்சு பாத்தாச்சுன்னியே?"

"அம்மா, திட்டறதுதான் திட்டற, எனக்கும் சேத்துத் திட்டிரு," என்றான் அண்ணன். "நானும் பாத்ததில்ல."

அம்மா திட்டவில்லை. 

"தப்பு என் மேலதான். இல்லன்னு சொல்லணுமேன்னு சாமிய வேண்டிக்கிட்டே கேட்டா, பெத்த புள்ளைங்க வேற என்ன சொல்லும்? விடு. நாளைக்கு எட்டு மணிக்கு நான் வாசல்ல நிப்பேன். தலைவலி, வேலை இருக்குன்னு கதை விட்டே, இழுத்துக்கிட்டுப் போயிருவேன்."

சொன்னபடி எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்து நின்றாள். ஸ்கேன் அறையில் டாக்டரம்மா திரையைப் பார்த்தபடி கருவியை அப்படியும் இப்படியும் உருட்டினாள். கடுகு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மாவின் கை அவள் காலைப் பிடித்திருந்தது, விட்டால் ஓடிவிடுவாள் என்பதுபோல.

டாக்டரம்மா மெல்லிய ஊசியால் குத்தி உறிஞ்சினாள். தெளிந்த தண்ணீர் வந்தது. திரையில் இருந்த கறுப்பு வட்டம் சுருங்கி மறைந்தது.

"வெறும் நீர்க்கட்டிதான். பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா அம்மாவுக்கு வந்திருக்கறதால வருஷத்துக்கு ஒரு தடவ இங்க வந்து காட்டிரணும். வீட்ல மாசாமாசம் தொட்டுப் பாக்கறீங்கதானே?"

கடுகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் படிப்பதுபோல் நின்றிருந்தாள்.

"இல்ல டாக்டர். பயமா இருந்துச்சு. எப்படிப் பாக்கணும்னு சொல்லிக் குடுங்க."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மா காலண்டரை விட்டுவிட்டுக் கட்டிலருகே வந்தாள்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கம்மா. எனக்கும் இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அத நானும் தொட்டதில்ல."