சுழல் பற்றிப் பேசக் கூடாது

காவேரிப் பாலத்தின் மேல் போலீஸ் விசில் ஊதியது. பஸ்கள் நின்றன. ஸ்ரீரங்கம் போகிறவர்களும் டவுனுக்கு வருகிறவர்களும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது தூணுக்குக் கீழே, பரிசல்காரர் ஒருவர் ஓர் இளைஞனைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். உயிர் இருந்தது, இடது தோள் கழன்று தொங்கியது. அவன் பெயர் நல்லதம்பி. வையம்பட்டிக்காரன், டவுனில் பருத்திக் கடைக் குமாஸ்தா. நீச்சல் சங்கத்தில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

அது ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஆடி வெள்ளம். வெள்ளம் வந்தால் பாலத்திலிருந்து குதிப்பது அந்தச் சங்கத்துக் கடைக்காரர்களின் பொழுதுபோக்கு. ஆனால் வெள்ளம் வருஷத்துக்கு ஒரு தூணடியில் மணலைப் பறிக்கும். பள்ளம் விழுந்த இடத்தில் சுழல் நிற்கும். அதனால் குதிப்பதற்கு முன் ஒவ்வொரு தூணுக்கும் நேரே காய்ந்த தேங்காய் மட்டையைப் போட்டுப் பார்ப்பார்கள். எங்கே மட்டை முழுகி வெகுநேரம் கழித்து மேலே வருகிறதோ, அந்தப் பக்கம் போகமாட்டார்கள். டீக்கடையில் அதைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும்.

சங்கத் தலைவர் அழகர்சாமி, ரைஸ் மில் முதலாளி. கணுக்காலுக்கு மேல் அவர் காவேரியில் நனைந்ததை யாரும் பார்த்ததில்லை. விழாக்களில் மாலை போட்டுக்கொள்ள ஒரு கழுத்து வேண்டியிருந்தது; சங்கம் அவருடையதைத் தேர்ந்தெடுத்தது. நல்லதம்பியைத் தூக்கிய மறுநாள் காலையில் சங்க அறையில் அவர் செலவில் ஒரு போர்டு தொங்கியது. குதிப்பு, சுழல் இவை பற்றி அங்கத்தினர்கள் எங்கும் பேசக் கூடாது, பேசினால் நீக்கம்.

குடைக்கடை ஹபீபுல்லா சங்கக் கூட்டத்தில் எழுந்தார். வசதியான மனிதர், கொஞ்சம் பீற்றலும் உண்டு. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது.

“தலைவரே, போன வருஷம் மூணாந் தூண் நல்ல இடம். இந்த வருஷம் சுழலே அங்கதான். அதை ஒருத்தர் அவன்கிட்ட சொல்லியிருந்தா குதிச்சிருப்பானா?”

“போன வருஷம் நீங்க டீக்கடையில பேசினதைக் கேட்டுத்தானே பாய் மூணாந் தூணுக்குப் போனான்?”

ஹபீபுல்லாவுக்கு முகம் சுண்டியது. அது பொய்யில்லை. சங்கத்தில் சேருவதற்கு முன்பே டீக்கடையில் காதில் விழுந்தது என்று நல்லதம்பியே ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொல்லியிருந்தான். இந்த வருஷம் யாரையும் கேட்க வெட்கமாக இருந்ததாம்.

“அப்ப முழுசாப் பேசணும். வாயைக் கட்டினா அடுத்தவனும் போன வருஷத்துப் பேச்சை நம்பித்தான் குதிப்பான்.”

பரிசல்காரர்கள் பேசட்டும், அது அவர்கள் பிழைப்பு என்றார் தலைவர். விளையாட்டுக்குக் குதிக்கிறவனுக்குச் சுழலைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்றும் கேட்டார். கை தூக்கச் சொன்னதும், ஆடிக்கு ஆடி குதிக்கிற அத்தனை வீரர்களும் போர்டுக்கு ஆதரவாகக் கை தூக்கினார்கள். படித்துறை ஓரத்துச் சங்க அறை தலைவருடைய இடம். அவருடைய மின்விசிறியில்தான் அவர்கள் தலை உலர்ந்தது. ஹபீபுல்லாவுக்கு ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள். இன்னொரு வார்த்தை பேசினால் பெயரை அடித்துவிடுவார்கள்.

குதிப்பு நிற்கவில்லை. பேச்சுதான் நின்றது. டீக்கடையில் சினிமாவும் அரிசி விலையும் பேசினார்கள். மன்னார்புரத்திலிருந்து வந்த மெக்கானிக்குகள் எந்தப் பக்கம் குதிக்கலாம் என்று மரியாதையாகக் கேட்டபோது, வீரர்கள் டீ கிளாஸுக்குள் எறும்பு தேடினார்கள். மற்றவர்களைப் போல ஹபீபுல்லாவும் குனிந்துகொண்டார். இருபது வருஷச் சங்கத்தை விட்டுப் போக அவருக்கு மனசில்லை. அன்று மெக்கானிக்குகள் குதித்து, எப்படியோ கரையேறினார்கள். அதையே போர்டின் வெற்றி என்று தலைவர் சொல்லிக்கொண்டார்.

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் மத்தியானம் குடைக்கடை வாசலில் தலைவரின் கார் வந்து நின்றது. உள்ளே வந்தவர் ஒரு குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். மெட்ராஸிலிருந்து மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்றார். அங்கே நீச்சல் குளத்தில் மெடல் வாங்கியவராம். நாளைக்குப் பாலத்திலிருந்து குதிப்பதாகச் சிநேகிதர்களிடம் பந்தயம் கட்டிவிட்டாராம். சொன்னால் கேட்கிற ஆள் இல்லையாம். மகள் காலையிலிருந்து சாப்பிடவில்லையாம்.

ஹபீபுல்லா இன்னொரு குடையை எடுத்து நீட்டினார். தலைவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. தெருவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, கல்லாவின் மேல் குனிந்தார்.

“எந்தத் தூண் ஆகாதுன்னு மாப்பிள்ளைக்கு மட்டும் சொல்லிடுங்க பாய். மத்த பசங்க காதுல விழ வேண்டாம்.”