கீழே ஆள் இல்லாத இடம்

வெடிப்புகை அடங்கியதும் முதலில் உள்ளே போகிறவர் சகாயம்தான். தொப்பியில் களிமண்ணால் மெழுகுவத்தியை ஒட்டிக்கொண்டு, தலைக்கு மேலிருக்கும் பாறையை இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டே நடப்பார். பாறை கணீரென்றால் நல்லது. பொத்தென்றால் உள்ளே விரிசல். அதை நெம்பித் தள்ளிய பிறகுதான் மற்றவர்கள் வரலாம். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் அவருடைய ஷிப்டு ஆட்கள், அவர் கையசைக்கும்வரை லெவல் என்கிற சுரங்கப் பாதையின் வாயில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். அவர் காதை நம்பித்தான் அத்தனை பேரும் இறங்கினார்கள்.

அன்று அவர் தட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு இருமினார். இருமல் நிற்கவில்லை. கூட்டாளி தசரதன் ஓடிவந்து பிடித்து உட்காரவைத்தான். பின்னால் வந்த சுரங்க மேலதிகாரி காப்டன் துரை விளக்கை உயர்த்தி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மேலே வந்ததும் மேஸ்திரி சொன்னார்: ஈஸ்டர் வரைக்கும் இறங்கலாம், அதற்கப்புறம் வேண்டாம்.

வேலை நின்றால் வீடும் போய்விடும். மூங்கில் தட்டி, கூரைத் தகரம், அடியில் இருக்கும் மண், எல்லாம் கம்பெனியுடையவை. சுரங்கக் கூண்டான கேஜில் இறங்குகிறவனுக்குத்தான் வீடு.

"ஊருக்கே போயிடலாம் மே," என்றார் சகாயம், கஞ்சிச் சட்டியின் முன் உட்கார்ந்து. "குடியாத்தத்தாண்ட எங்கண்ணன் கீறாரு."

அவர் மனைவி மரியகுழந்தை அகப்பையைக் கீழே வைக்கவில்லை. "அண்ணன் கீறாரு, வூடு எங்க கீது? செருப்பக் கையில தூக்கிக்கினு அந்த ஊர்க்காரங்க தெருவுல நடக்க என்னால ஆவாது. இங்க வந்து கால்ல போட்டுப் பழகிட்டேன்."

"அந்தச் செருப்பு நான் வாங்கிக் குடுத்தது."

"அதான் சொல்றேன். வாங்கிக் குடுத்த மனுசனே கழட்டச் சொல்லலாமா?"

சகாயம் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவள் முதுகைத் தடவினாள்.

அப்போது தரைக்கடியில் எங்கோ வெடி போட்டார்கள். கஞ்சிச் சட்டி அடுப்பின்மேல் லேசாக ஆடியது. அந்த வீட்டில் அது தினமும் நடப்பது. யாரும் சட்டியைப் பிடிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் சகாயம் அன்று அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படுத்தா முதுகுக்கு அடியில எவனோ சுத்தியல் அடிக்கிறான் மே. எழுந்து போய் நானும் இன்னொருத்தன் முதுகுக்கு அடியில அடிக்கிறேன். இனிமே நான் படுக்கற எடத்துல கீழ ஆளே இருக்கக் கூடாது. அந்த மாதிரி ஒரு துண்டு நெலம் போதும்."

"எனக்குத் தண்ணி பக்கத்துல இருக்கணும்," என்றாள் மரியகுழந்தை. "கோயில் மணி காதுல வுழணும்."

"ஆவட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, பூசை முடிந்ததும் இருவரும் இடம் பார்க்கக் கிளம்பினார்கள். தங்கக்கல் மேற்கே சாய்ந்து இறங்குகிறது என்று சகாயத்துக்குத் தெரியும். சுரங்கமும் அதன் பின்னாலேயே மேற்கே போகும். ஆகவே அவர்கள் கிழக்கே நடந்தார்கள். அவர் தோளில் கம்பி. அவள் இடுப்பில் கூழ்ச்சட்டி. பின்னால் அவளுடைய ஆடு வந்தது. அது சினையாக இருந்ததால் வீட்டில் விட்டுவர அவளுக்கு மனமில்லை.

இடம் கிடைப்பது சுலபமாக இல்லை. அவருக்குப் பிடித்த இடத்தில் தண்ணீர் இல்லை. அவளுக்குப் பிடித்த குட்டையோரத்தில் அவர் கம்பியால் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பழைய குழி எதையோ மூடியிருக்கான். பொக்குன்னு கீது."

"கட்டிக்கினு வந்தப்போ என்னை இப்பிடித் தட்டிப் பாத்தியா?"

"தேவையே இல்ல. நீதான் வந்த அன்னிலேருந்து கணீர்னு பேசிக்கினு கீறியே."

கடைசியில் முனிவெங்கடப்பா என்ற விவசாயியின் கேழ்வரகுக் கொல்லைக்கு அப்பால், அவருக்கே சொந்தமான, ஏர் ஓடாத ஒரு மேட்டுத் துண்டு கிடைத்தது. சரிவில் ஊற்று இருந்தது. காற்று திரும்பினால் கோயில் மணி கேட்டது. சகாயம் நாலு மூலையிலும் தட்டிப் பார்த்துவிட்டு, மேல்துண்டை விரித்துக் குப்புறப் படுத்து, காதைத் தரையில் வைத்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மரியகுழந்தையும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் படுத்துக் காதை வைத்தாள்.

"எனக்கு ஏதோ கேக்குதே."

"அது உன் வயிறு. கூழக் குடி."

பிறகு அவர் எழுந்து உட்கார்ந்து, முகத்தில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரும் இல்ல மே," என்றார். பண்டிகை நாளில் சட்டை புதிதாய்ப் போட்டவர் முகம்போல அவர் முகம் இருந்தது.

கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முனிவெங்கடப்பா வரப்பிலேறி வந்தார்.

"ஏம் சகாயம், பூமி இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல சாமி. கீழ ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் இந்த எடத்தக் கேக்கறேன்."

முனிவெங்கடப்பா அவரையும் கம்பியையும் மாறிமாறிப் பார்த்தார். ஒன்றும் இல்லாத இடத்தை ஒருவன் விரும்பிக் கேட்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். முன்பணத்துக்குப் பதிலாகச் சினை ஆட்டை விட்டுவிட்டு வருவதென்றும், மீதியை ஈஸ்டருக்குள் தருவதென்றும் பேச்சு முடிந்தது. வரும் வழியில் மரியகுழந்தை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். ஆடும் கயிற்றை இழுத்துக்கொண்டு அவளைப் பார்த்தபடியே நின்றது.

அடுத்த வாரம் அவள் மூன்று கல்லைத் தேடி வந்து அடுப்பு எங்கே என்று வைத்துக் காட்டினாள். அவர் பின்பக்கம் ஒரு முருங்கைப் போத்தை நட்டார். அதற்கடுத்த வாரங்களிலும் போனார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. சும்மா போய், அவர் மண்ணில் காதை வைத்துப் படுத்திருப்பார். அவள் இன்னும் பற்றவைக்காத அடுப்பின் முன் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொள்வாள்.

கேஜுக்குக் காத்திருக்கும் வரிசையில் தசரதன் ஆரம்பித்தான்.

"இன்னாண்ணே, கெழக்கால புது மைன் தொறக்கறியாமே?"

"ஆமாடா. உன்னைத்தான் அங்க துரையா வைக்கப் போறேன். தொப்பி வாங்கிக்கோ."

வரிசை முழுக்கச் சிரித்தது. சகாயமும் சிரித்தார். அந்தச் சிரிப்பு சாராயக் கடைக்குப் போய், சந்தைக்குப் போய், தங்கம் தேடிப் புதிதாக வந்து கூடாரம் போட்டிருந்த ஒரு சின்னக் கம்பெனியின் குமாஸ்தாவிடம் போய்ச் சேரும்போது அதில் சிரிப்பு இல்லை. பாறையோடு பேசுகிற சகாயம் வாராவாரம் ஒரே இடத்தில் காதை வைத்துப் படுக்கிறான் என்ற பேச்சு மட்டும்தான் இருந்தது.

குருத்தோலை ஞாயிறன்று இருவரும் கையில் ஓலையோடு போனபோது, மேட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்த முளைகள் நட்டிருந்தன. அடுப்புக்கல் ஒன்றின்மேல் நிலமளக்கிற சங்கிலியைச் சுருட்டி வைத்திருந்தார்கள். முனிவெங்கடப்பா ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். ஆட்டின் வயிறு ஒட்டியிருந்தது.

"புதுக் கம்பெனி துரை கேட்டா நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா சகாயம்? உன் ஆடு, நீ புடிச்சிக்கோ."

"குட்டிங்க எங்க?" என்றாள் மரியகுழந்தை.

"குட்டிங்க எங்கூட்டுல பொறந்தது."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆடு அவள் முந்தானையில் முகத்தைத் தேய்த்தது. அவள் அதன் காதைப் பிடித்துக்கொண்டாள்.

சகாயம் அந்தக் கம்பெனியின் கூடாரத்துக்குப் போனார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அங்கே தங்கம் இல்லை, வெறும் கருங்கல், தோண்டினால் வீண் என்று சொன்னார். குமாஸ்தா அதைத் துரைக்குச் சொன்னான். துரை கேட்டதைத் தமிழில் திருப்பிச் சொன்னான்.

"ஒண்ணும் இல்லாத எடத்துக்கு எவனாவது சினை ஆடு குடுப்பானான்னு கேக்கறாரு."

"ஒண்ணும் இல்லன்னுதான் சாமி குடுத்தேன்."

துரை வாய்விட்டுச் சிரித்தார். கெட்டிக்காரன் என்று சொல்லி ஒரு சுருட்டை எடுத்துக் கொடுத்தார். குமாஸ்தா வெளியே வந்து தணிந்த குரலில் சொன்னான். "ஈஸ்டரோட உனக்கு அங்க வேலை முடியுதாமே. இங்க வா. அந்த மண்ணு உனக்குத் தெரிஞ்ச மண்ணு. எறங்கறவனுக்குக் குடிசையும் உண்டு."

சுருட்டைத் தசரதனுக்குக் கொடுத்துவிட்டு சகாயம் வீட்டுக்கு வந்தார். மரியகுழந்தை ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். குமாஸ்தா கூப்பிட்டதை அவர் அவளிடம் சொன்னார்.

"எவ்ளோ நாளைக்கு?"

"கீழ ஒண்ணும் இல்லன்னு துரைக்குத் தெரியற வரைக்கும். அப்புறம் குழியும் இல்ல, குடிசையும் இல்ல."

"இந்த இருமலோட நீ எறங்குவியா?"

"இல்லன்னா செருப்பக் கழட்டறியா?"

அவள் தழையை உதறினாள். "கெழவனுக்கு வாய் மட்டும் கணீர்னு கீது," என்றாள். பிறகு பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் அடுக்கத் தொடங்கினாள்.

கம்பெனி கொடுத்த குடிசை, மேட்டில் அவள் நினைத்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி அமைந்தது. அவள் யாரையும் கேட்காமல் மூன்று கல்லையும் எடுத்து வந்து அதற்குள் வைத்துக்கொண்டாள். ஊற்றுத் தண்ணீர் பக்கத்தில் இருந்தது. காற்று திரும்பினால் கோயில் மணி கேட்டது. முருங்கைப் போத்து துளிர் விட்டிருந்தது. அவர் காதை வைத்துப் படுத்திருந்த இடத்திலேயே குழி இறங்கியது. கருங்கல் வந்தது. இன்னும் இறங்கச் சொன்னார்கள். பிறகு அடியில் குடிசைப் பக்கமாகத் திரும்பி வெட்டச் சொன்னார்கள்.

வேலைக்குப் போகும்போது சகாயம் வாசலில் நின்று சொல்வார். "சட்டி ஆடினா நான்தான். பயப்படாத."

"வெறும் சட்டிய ஆட்டாத. கூழ் இருக்கறப்போ ஆட்டு."

ஒரு நாள் உச்சிவேளையில் கூழைக் கிண்டி இறக்கிவிட்டு, மரியகுழந்தை குடிசைத் தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். வெளியே ஆடு முருங்கைத் துளிரை எட்டிக் கடித்துக்கொண்டிருந்தது. எழுந்துபோய் விரட்டத் தோன்றியது. அப்போது முதுகுக்கு அடியில் அது கேட்டது. அவள் புரண்டு குப்புறப் படுத்து, அவர் படுப்பதுபோலவே காதை மண்ணில் பொருத்திக்கொண்டாள்.

சுத்தியல் விழுந்தது. மறுபடி விழுந்தது. அவர் கைதான், ஓங்குவதற்கு முன் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடைவெளி அவளுக்குத் தெரியும். பிறகு நின்றது. இருமுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். இருமி முடிக்கும் நேரமும் கடந்தது. ஆடு துளிரைத் தின்று முடித்துப் பட்டையைக் கடிக்கும் சத்தம் வந்தது. மரியகுழந்தை அசையவில்லை. கன்னத்தில் மண் ஒட்ட, அடுத்த அடிக்காகக் காதை வைத்தபடியே கிடந்தாள்.