ஓடுவதற்கு வைத்த அரிசி

மார்த்தாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு நீலப் பை எப்போதும் தயாராகக் கிடக்கும். வங்காலைக் கடற்கரை ஊரில் அந்தப் பையைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. அரிசி, பருப்பு, சீனி, பால்மா, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, பனடோல், அடையாள அட்டை, ஞானஸ்நானப் பத்திரம், காணி உறுதி, அதோடு ஒரு பெரிய போத்தல் தண்ணீர். இந்தச் சாமானோடு அவள் எந்த நிமிடமும் வெளிக்கிடுவாள். சண்டை முடிந்து எத்தனையோ வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"சண்டையே முடிஞ்சுபோச்சு. உன்ர பை மட்டும் இன்னும் சென்றியிலை காவல் நிக்குது" என்று அவள் புருசன் சந்தியோகு பகிடி விடுவான். அவன் கடற்தொழிலாளி. பகிடி விட்டாலும் அந்தப் பையில் கைவைக்க அவனுக்குத் துணிவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிப் பூசை கண்டு வந்ததும் மார்த்தா பையை வெளியே இழுப்பாள். பழைய அரிசி உலைக்குப் போகும், புதிய அரிசி பைக்குள் போகும். தண்ணீரையும் மாற்றுவாள். அன்றைக்கு அந்த வீட்டில் ஆக்குவதற்குப் பெயர் பைச்சோறு. எட்டு வயது மகள் டிலானிக்கு அது ஒரு சின்னப் பெருநாள்.

பைக்குக் காரணம் றஞ்சிதம். தொண்ணூறாம் ஆண்டு சனம் வள்ளமேறி இந்தியாவுக்கு ஓடியபோது மார்த்தா குமர்ப்பிள்ளை, தங்கச்சி றஞ்சிதம் சின்னப்பிள்ளை. தாய், மாதா படத்தை எடுத்தாள், காணி உறுதியை எடுத்தாள். தகப்பன் வலையைக்கூட எடுக்கப் பார்த்தார். தண்ணீர் எடுக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. வள்ளக்காரன் நடுக்கடலில் ஒரு மணல் திட்டியில் இறக்கிவிட்டு, இந்தியன் நேவி வந்து ஏற்றும் என்று சொல்லிவிட்டுப் போனான். நேவி வரச் சுணங்கியது. காய்ச்சலோடு மார்த்தாவின் மடியில் கிடந்த றஞ்சிதம், "அக்கா தண்ணி, அக்கா தண்ணி" என்று கேட்டுக் கேட்டே ஓய்ந்துபோனாள். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமுக்கு அந்தப் பிள்ளை போய்ச் சேரவில்லை.

இது டிலானிக்கும் தெரியும். பைத்தண்ணீரை மாற்றும் போதெல்லாம் மார்த்தாவின் வாயில் றஞ்சிதம் வந்துவிடுவாள். பிள்ளை பக்கத்தில் இருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.

கொரோனா வந்த வருடம், தவக்காலத்தில் ஒரு வெள்ளி பின்னேரம் பொலிஸ் ஜீப் ஒன்று ஒலிபெருக்கியோடு தெருவால் போனது. ஊரடங்கு என்ற ஒரு சொல் மார்த்தாவின் காதில் விழுந்தது. மிச்சத்தைக் கேட்க அவள் நிற்கவில்லை. அடுப்பை அணைத்தாள், ஆட்டை அவிழ்த்துவிட்டாள், பையைத் தோளில் கொழுவினாள், டிலானியின் கையைப் பிடித்தாள், நேரே கோயிலுக்கு நடந்தாள். அந்தக் கரைச் சனத்தின் கால் பழகிய வழி அது. செல் குண்டு விழுந்தாலும் சரி, இராணுவச் சுற்றிவளைப்பு என்றாலும் சரி, முதலில் கோயில் வளவு, பிறகுதான் மற்றக் கதை.

அன்றைக்குக் கோயில் கேற் பூட்டிக் கிடந்தது. அவளுக்கு முன்னமே இரண்டு மூன்று பெண்கள் தலையணையும் பாயுமாக வந்து நின்றார்கள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு சுவாமியார் உள்ளேயிருந்து கையைக் காட்டினார்.

"மார்த்தா, இந்தமுறை இஞ்சை வரக்கூடாது. ஆக்கள் கூடினா இந்தக் கொரோனா வருத்தம் தொத்தும். வீட்டை போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருங்கோ."

"என்ன சுவாமி சொல்லுறியள்? வீட்டுக்குள்ளை இருந்த ஆக்கள்தானே அப்ப செத்தவை?"

சுவாமியார் கேற்றுக்குக் கிட்ட வந்தார். அவரும் அந்தக் காலத்தைக் கண்டவர்தான். பிறகு தணிந்த குரலில், "இது வேற மாதிரிப் பிரச்சினை, பிள்ளை. ஓடினா வருத்தம் கூடும்" என்றார். மார்த்தா பையைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தாள். அவிழ்த்துவிட்ட ஆடு பக்கத்து வளவு முருங்கையை மொட்டையடித்துவிட்டு நின்றது.

ஓடத் தெரிந்த அவளுக்கு வீட்டில் இருக்கத் தெரியவில்லை. கடற்தொழில் செய்யும் வீடு அது. காலையில் மீன் விற்று மத்தியானத்துக்கு அரிசி வாங்கித்தான் அவர்களுக்குப் பழக்கம். மூட்டையாக வாங்கி வைக்கிறது கிடையாது. இப்போது கொழும்பு லொறி வரவில்லை, மீன் வாங்க ஆளில்லை. ஊரடங்கு தளர்த்திய நாளில் கடையில் வரிசை தெருமுனைவரை நின்றது. சந்தியோகுவின் முறை வர அரிசி முடிந்துவிட்டது. ஊர் அலுவல் பார்க்கும் விதானையார் நிவாரணம் வரும் என்று பெயர் எழுதிக்கொண்டு போனதோடு சரி.

களப்புத் தண்ணீரில் வீச்சுவலை போட்டு அவன் கொஞ்சம் மீன் கொண்டுவந்தான். கறிக்குக் குறைவில்லை, சோறுதான் இல்லை. இருந்த மாவில் ரொட்டி சுட்டார்கள். மா முடிய வளவில் நின்ற மரவள்ளியைக் கிண்டினார்கள். முதல் வெள்ளியும் வந்தது. மாற்றி வைக்கப் புது அரிசி இல்லாதபடியால் மார்த்தா பையைத் தொடவேயில்லை.

"இண்டைக்குப் பைச்சோறு இல்லையோ?" என்று சந்தியோகு கேட்டான்.

"இல்லை."

"இஞ்சை பார் மார்த்தா, பிள்ளை மெலிஞ்சுபோச்சு. கட்டிலுக்குக் கீழை அரிசி கிடக்குது."

"அது ஓடுறதுக்கு வைச்சது."

"எங்கையடி ஓடுறது? உலகம் முழுக்க இதே வருத்தம். இந்தியாவிலையும் கதவைச் சாத்திப்போட்டுத்தான் இருக்கிறாங்கள்!"

"உங்களுக்குத் தெரியாது. இதுக்குப் பிறகு என்ன வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அண்டைக்கு என்ர கை வெறுங்கை. திரும்ப அப்பிடி நிக்க என்னால ஏலாது."

அவன் கோபத்தை விழுங்கிக்கொண்டு வெளியே போனான். அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. பிள்ளையின் கழுத்தெலும்பு தெரிவது அவள் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் பையைத் திறக்க நினைத்தாலே றஞ்சிதத்தின் குரல் கேட்டது. டிலானி சமர்த்துப் பிள்ளை, ஒன்றுக்கும் அழவில்லை. கொடுத்ததில் பாதியைத் தின்றுவிட்டு, "வயிறு நிறைஞ்சிட்டுதம்மா" என்று எழும்பிவிடும். நல்லகாலம், சின்ன வயிறு என்று மார்த்தா மனதைத் தேற்றிக்கொள்வாள்.

குருத்தோலை ஞாயிறுக்குப் பிறகு ஒருநாள் வீடு கூட்டும்போது எறும்பு கண்டாள். சுவரோரமாக வந்து கட்டிலுக்குக் கீழே போனது வரிசை. பையை இழுத்துத் திறந்தாள். அரிசிக்கும் பருப்புக்கும் ஒன்றும் நடக்கவில்லை. எறும்பு மொய்த்தது பக்கத்துப் பொக்கற்றில். உள்ளே கொப்பித் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று. பாதிபாதியாகக் கடித்த ரொட்டித் துண்டுகள் காய்ந்து கிடந்தன. தகப்பன் எங்கோ தேடிக் கொடுத்த மாரி பிஸ்கட் அப்படியே இருந்தது. ஒரு துண்டு பனங்கட்டியும் இருந்தது.

"டிலானி!"

பிள்ளை ஓடிவந்து, திறந்த பையைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டது.

"என்னடி இது? ஆரைக் கேட்டு இதுக்குள்ளை வைச்சனி?"

"அது என்ர பங்கம்மா."

"என்ன பங்கு?"

"ஓடேக்கை தின்ன. அப்ப நான் உங்களிட்டை ஒண்டும் கேக்கமாட்டன்." பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்காமல் சொன்னது. "றஞ்சிதம் சின்னம்மா மாதிரிக் கேட்டுக் கேட்டு உங்களை அழவைக்கமாட்டன்."

மார்த்தா அந்தக் காய்ந்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். தன் வீட்டில், தன் கண்ணுக்கு முன்னால், பை நிறைய அரிசியை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறாள். ஐயோ மாதாவே என்று வாய்விட்டு அழுதாள். பிள்ளை பயந்துபோய், "அம்மா, இனி வைக்கமாட்டன்" என்று கட்டிப்பிடித்தது.

சந்தியோகு களப்பால் வந்து படலையைத் திறந்தபோது சோறு வேகிற மணம் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தான். நீலப் பை வாய் பிளந்து கிடந்தது. வழக்கமான பகிடி ஏதோ அவன் வாய்வரை வந்தது. மார்த்தாவின் வீங்கிய கண்ணைக் கண்டதும் மீனைக் கழுவத் தொடங்கினான்.

கோப்பை நிறையச் சோறு போட்டு மீன்சொதி ஊற்றி மார்த்தா மகளுக்கு முன்னால் வைத்தாள். டிலானி கை வைக்கவில்லை.

"அப்ப ஓடேக்கை?"

"ஓடேக்கை அம்மா பாப்பன். நீ சாப்பிடு."

பிள்ளை சாப்பிட்டது. குனிந்த தலை நிமிராமல், விரலெல்லாம் சோறு ஒட்ட, கோப்பையை வழித்துத் தின்றது. பிறகு நிமிர்ந்து பானையைப் பார்த்தது. பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டது.

"கேள்" என்றாள் மார்த்தா. "வாயைத் திறந்து கேள், பிள்ளை."

"இன்னும் கொஞ்சம் சோறு தாங்கோம்மா."

மார்த்தா பானையையே மகளுக்குப் பக்கத்தில் இழுத்துவைத்து அள்ளிப் போட்டாள். முப்பது வருடத்துக்குப் பிறகு, கேட்ட பிள்ளைக்குக் கொடுக்க அவள் கையில் இருந்தது.