நித்திய இளைப்பாற்றி மன்றம்

எங்கள் மன்றத்தில் எண்பத்திரண்டு உறுப்பினர்கள் இருந்தோம். அதில் நாற்பத்தோரு பேர் காலமானவர்கள்.

எல்லாம் பெயரால் வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிலர், சாயங்காலம் கேரமும் சீட்டும் ஆட ஓர் இடம் வேண்டுமென்று, 'இளைப்பாறும் மன்றம்' எனப் பதிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதைத் தட்டச்சு செய்தவர் சற்று முன்னால்தான் ஒரு துக்க அறிவிப்பை அடித்து முடித்திருந்தார். கைப்பழக்கத்தில் 'நித்திய இளைப்பாற்றி மன்றம்' என்று அடித்துவிட்டார். இறந்தவர்களுக்காக மாதா கோயிலில் நாங்கள் கேட்பது அதைத்தான், அவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி கிடைக்க வேண்டுமென்று. பெயர் பதிவான நாளிலிருந்து, எங்கள் கோயில் பங்கில் யார் இறந்தாலும் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நேரே மன்றத்துக்கு வந்துவிடுகிறார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காலியான நாற்காலியில் உட்காருகிறார்கள்.

அவர்களால் தொந்தரவு ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் உயிரோடிருப்பவர்களைவிட நேரம் தவறாதவர்கள். கள்ள ஆட்டம் கிடையாது. ஒன்றுதான், அவர்களாகப் பேச்சை ஆரம்பிக்க மாட்டார்கள். வீட்டில் கூப்பிடுகிற முறை சொல்லிக் கூப்பிட்டால்தான் பதில் வரும். சந்தியாகு பர்னாந்திடம் ஒரு வார்த்தை வாங்க வேண்டுமானால், அவருடைய மருமகன் கஸ்பார் பக்கத்தில் போய் 'மாமா' என்று கூப்பிட வேண்டும்.

சென்ற மாதம் அப்படித்தான் ஆயிற்று. கஸ்பாரும் எங்கள் உறுப்பினர்தான், உயிருள்ள பக்கம். மாமா, காப்பி வேணுமா என்று சும்மா கேட்டு வைத்தார். சந்தியாகு ஒன்பது வருஷமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார். இளைப்பாற்றி என்று சொல்லி அனுப்பினார்கள், இங்கே கேரம் சத்தம் காதைத் துளைக்கிறது, சீட்டில் தோற்றால் இப்போதும் கோபம் வருகிறது, இதுதானா அது என்று கேட்பதற்கு விவரம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்றார். ஆஸ்பத்திரிக்கு ஆன்ம குரு இருக்கிறார், சிறைச்சாலைக்கு இருக்கிறார், கப்பல்காரர்களுக்குக்கூட இருக்கிறார், நமக்கு மட்டும் ஏன் இல்லை என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. நான் செயலாளர். பொதுக்குழுவைக் கூட்டினேன்.

உயிருள்ளவர்கள் ஒப்பவில்லை. சாமியார் வந்து இது அது இல்லை என்று சொல்லிவிட்டால் நாற்பத்தோரு பேரும் எழுந்து போய்விடுவார்கள், அப்புறம் சீட்டுக்குக் கை குறையும் என்றார் கஸ்பார். நானும் அவர் கட்சிதான். ஆனால் எனக்குக் கவலை சீட்டைப் பற்றி இல்லை, என் அண்ணன் தொபியாஸைப் பற்றி.

என் மகள் கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயரை மூன்றாவதாகப் போட்டேன். மூத்தவன், முதலில் வந்திருக்க வேண்டும். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தெரிந்த பிறகும் மாற்றவில்லை, அதுதான் என் வீம்பு. அவன் கல்யாணத்துக்கு வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று நான் பேச்சை நிறுத்தினேன். ஒரே தெருவில் பதினோரு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தோம். போன ஜூலையில் அவன் போய்ச் சேர்ந்தான். முப்பதாம் நாள் மன்றத்துக்கு வந்தபோது, என் கேரம் பலகைக்கு எதிர் நாற்காலி மட்டும்தான் காலியாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் ஆடினோம். நான் கூப்பிடாமல் அவனால் பேச முடியாது. நான் கூப்பிடவில்லை. இன்று இல்லாவிட்டால் நாளை என்றிருந்தேன். நித்தியம் என்றால் நாளைக்கா பஞ்சம்?

கை தூக்கச் சொன்னேன். ஆன்ம குரு வேண்டுமென்று நாற்பது கைகள், எல்லாம் காலமானவர்களுடையவை. வேண்டாமென்று நாற்பது. தலைமை வகித்ததால் என் ஓட்டு கடைசியில். தொபியாஸ் எதற்கும் கை தூக்கவில்லை. கை தூக்காதவரிடம் செயலாளர் கருத்துக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவனும் நானேதான்.

“உறுப்பினர் அவர்களே, தங்கள் கருத்து?” என்றேன். அவன் என்னைப் பார்த்தபடி இருந்தான். திரு. தொபியாஸ் மிராண்டா என்று முழுப்பெயர் சொல்லிப் பார்த்தேன். மற்ற எண்பது பேரும் காத்திருந்தார்கள்.

“அண்ணே,” என்றேன். “நீ என்ன சொல்லுத?”

“அலுப்பா இருக்குல,” என்றான்.

குறிப்பேட்டில் அதை அப்படியே எழுதினேன். பிறகு ஆன்ம குரு வேண்டுமென்று என் ஓட்டைப் போட்டேன்.

ஃபாதர் ரெமிஜியுஸ் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். நடுவில் எனக்கு நான்கு நாள் கிடைத்தது. மூன்று நாளை ஆட்டத்திலேயே ஓட்டினேன். சனிக்கிழமை வாயைத் திறந்தேன்.

“பத்திரிகையில உன் பேரக் கீழ போட்டது தப்புண்ணே.”

அவன் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். “பத்திரிகைய நான் எங்க பாத்தேன்? அன்னைக்கு மழல்லா. கட்டிட்டு வர வேட்டி காயல.”

“பொறவு சொல்லிருக்கலாம்லா?”

“நீ மூஞ்சத் திருப்பிட்டுப் போன. வேட்டிக்குத்தான் கோவம்னு நெனச்சேன்.”

நான் அழுதேன். பலகையில் பவுடர் நனைந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தித் துடைத்துவிட்டு மறுபடி பவுடர் போட்டோம். அன்று அவன்தான் ஜெயித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு யார் முதலில் என்று கேட்டார். கஸ்பார் மனசில்லாமல் மாமாவைக் கூப்பிட்டார். சந்தியாகு எழுந்து, இதுதானா அது என்று கேட்டார். ஃபாதர் பலகைகளையும் சீட்டுகளையும் எங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இல்லை என்றார். அவ்வளவுதான். நாற்பத்தோரு பேரும் பதிவேட்டில் நேரம் எழுதிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். தொபியாஸ் கடைசியாகப் போனான்.

“வாரேம்ல,” என்றான்.

சரிண்ணே என்றேன்.

வேறு யாருக்காவது செபிக்க வேண்டுமா என்று ஃபாதர் கேட்டார்.

“ஒரு பதினோரு வருஷம் இருக்கு ஃபாதர்,” என்றேன்.

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவற்றுக்கும் நித்திய இளைப்பாற்றி அளிக்க வேண்டுமென்று செபித்துவிட்டு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். மன்றத்தின் பெயரை மாற்ற நாங்கள் இன்னும் மனு கொடுத்திருக்கவில்லை.

முப்பதாம் நாள் நான்கு மணிக்குப் பதினோரு வருஷங்களும் வந்தன. வயது வரிசையில் நின்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டன. நாலைந்து சீட்டுப் பக்கம் போயின. மூத்த வருஷம் என் எதிரே வந்து உட்கார்ந்தது. நான் காய்களை அடுக்கி, முதல் அடியை அதற்கு விட்டேன்.