புகை வராத சூளை

"அப்பா ஏத்தி அனுப்புற எண்ணெயைத்தான் நாம காசு குடுத்து வாங்குறோமாம்மா? அப்போ அப்பாவையும் குடுத்துட்டு, காசையும் குடுக்குறோமா?"

கைப்பிடி என்று ஊரில் எல்லோரும் கூப்பிடுகிறவளிடம் இதைக் கேட்டது அவள் மகள். முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்த வயது. 'காசு' என்று சொல்லும்போது காற்றுதான் அதிகம் வந்தது. கைப்பிடி சீப்பை எடுத்தாள். மகளின் தலையை வாரிவிட்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தியே வாரினாள்.

கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் கணவர் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில், கப்பல்களில் எண்ணெய் நிரப்பும் குழாய்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அந்தக் கப்பல்களில் சில இங்கேயும் வந்தன. அந்த எண்ணெயின் விலை தாங்காமல்தான் ஊரிலிருந்த கோப்பைத் தொழிற்சாலை மூடியது. தொழிற்சாலை மூடியதால்தான் அங்கே சூளைக்காரராக இருந்த அவள் கணவர் கடல் தாண்டிப் போனார். யோசித்தால் தலை சுற்றும். அதனால் கைப்பிடி யோசிப்பதில்லை. மகள்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் யோசித்துத் தொலைத்தாள்.

கைப்பிடி என்பது தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்ட பெயர். ஈரக் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டுவதுதான் அவள் வேலை. களிமண் திரியைக் காதுபோல வளைத்து, இரண்டு முனையையும் மண்குழம்பில் தொட்டு, கோப்பையின் பக்கத்தில் வைத்துக் கட்டை விரலால் ஓர் அழுத்து. அவ்வளவுதான். கோப்பையே சுக்குநூறானாலும் அவள் ஒட்டிய கைப்பிடி மட்டும் கையில் நிற்கும் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். இப்படி ஒட்டத் தெரிந்தவள் புருஷனைக் கடல் தாண்ட விட்டுவிட்டாளே என்றும் சொல்வார்கள். அதற்கு அவள் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வாள்.

சில வருஷம் கழித்து ஊருக்கு வெளியே தரிசில் ஒரு இரும்புக் கோபுரத்தை நட்டுத் துளை போட்டார்கள். எரிவாயு கிடைத்தது. தெருவெல்லாம் தோண்டினார்கள். சொந்த மண்ணின் எரிபொருளால் நாட்டின் பொருளாதாரம் நிமிர்ந்து நிற்கப்போகிறது என்று ரேடியோவில் ஒரு கனத்த குரல் தினமும் சொன்னது. ரொட்டிக்கடைக்காரர், பொருளாதாரம் நிமிர்வது இருக்கட்டும், தன் கடை வாசல் குழியில் விழுந்தவர்கள் முதலில் நிமிரட்டும் என்றார். ஆனாலும் அவரும், சலவைக்கடைக்காரரும், செங்கல் சூளை வைத்திருந்தவரும் ஒரு கண்ணைக் குழாய் மேலேயே வைத்திருந்தார்கள். முதல் இணைப்பு கோப்பைத் தொழிற்சாலைக்கு. அங்கே என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுத் தாங்கள் இறங்கலாம் என்பது எல்லோருடைய எண்ணமும்.

தொழிற்சாலை முதலாளிக்கு ஒரு கால் ஆற்றிலும் ஒரு கால் சேற்றிலும். வெளிநாட்டுக் கோப்பைகளைக் கப்பலில் இறக்கி விற்கும் வியாபாரி ஒருவர் அந்தக் கட்டடத்தைக் கிடங்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல விலை. வேலை செய்தவர்கள் எல்லோரையும் முற்றத்தில் நிற்க வைத்து முதலாளி பேசினார்.

"ஒரே ஒரு சூளை சுட்டுப் பாப்போம். நல்லா வந்தா தொடர்ந்து நடத்துவோம். வரலேன்னா சாவியை அவன்கிட்ட குடுத்துட்டு, வீட்ல உக்காந்து அவன் கோப்பையிலயே டீ குடிப்பேன்."

அந்த நேரம் பார்த்துக் கைப்பிடியின் கணவர் விடுப்பில் வந்திருந்தார். இருந்தவரிலேயே நல்ல சூளைக்காரர் அவர்தான். நீயே வந்து சுட்டுக்கொடு என்று முதலாளி ஆள் அனுப்பினார். சூளை நன்றாக வந்தால் வேலையும் உனக்கே என்றார். வராவிட்டால் என்ன என்பதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட், ஊரில் எல்லோரும் விமானம் என்று கூப்பிடுகிற மனிதர், டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார். சூளை திறக்கும் நாளும் விமானம் ஏறும் நாளும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

முதல் சூளைக்கு வேலையும் தயாராக இருந்தது. ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டும் ஹோட்டலுக்குப் பச்சை நிறக் கோப்பைகள். ஹோட்டலுக்குப் பொருள் வாங்கும் அம்மா, சுவருக்கு அடிக்கப்போகும் பச்சையை ஒரு துண்டு அட்டையில் பூசிக் கொண்டுவந்து, இதே பச்சை வேண்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார். கைப்பிடி அத்தனை கோப்பைகளுக்கும் கைப்பிடி ஒட்டினாள். கை மறந்திருக்குமோ என்று பயந்தாள். கைக்கு எதுவும் மறக்கவில்லை.

சூளை மூட்டிய அன்று எரிவாயு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தாள். சின்ன வயது, பெரிய பூட்ஸ். சூளைக்குள் காற்றை விடும் காற்றுத் தட்டியை முழுக்கத் திறந்து வைக்கவேண்டும், சுடர் நீலமாக நிற்கவேண்டும், வேறெதையும் தொடவேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தாள். சூளைக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவள் போனதும் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்.

எண்ணெய்க் காலத்தில் அவர் சூளையைப் புகையை வைத்துத்தான் படித்தார். கறுத்துத் தடித்து வந்தால் ஒரு வைத்தியம், வெளுத்துப் போனால் இன்னொன்று. தலைமுடி கலைந்ததுபோல் மெல்லிசாக ஒரு இழை எழுந்தால், உள்ளே எல்லாம் சரி என்று பெஞ்சில் போய்ப் படுத்துவிடுவார். இப்போது புகைபோக்கிக்கு மேலே வெறும் வானம்.

முற்றத்தைச் சுற்றி வந்தார். இன்னொரு தரம் சுற்றினார். கீழே பார்த்தால் சுடர் நீலமாகத்தான் இருந்தது. மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லை. மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பொழுது சாயும் நேரத்தில், டீ கொண்டுவந்த கைப்பிடியும் அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க, புகையே காணோமே. உள்ள எரியுதா, இல்ல தூங்குதா?"

அவள் சொன்னது அவ்வளவுதான். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். காற்றுத் தட்டியைக் கொஞ்சம் சாய்த்தார். மேலே பார்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். புகைபோக்கியின் வாயில் மெல்லிசாக ஓர் இழை எழுந்து நெளிந்தது. இருவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. தெருவில் போன சலவைக்கடைக்காரர்கூட நின்று பார்த்து, இப்போதுதான் சூளை சூளை மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். சூளைக்காரர் பெஞ்சில் போய்ப் படுத்தார்.

சூளை எரிந்து முடிந்தது. ஆறவும் விட்டார்கள்.

திறக்கும் நாள் காலையில் விமானம் தன் காரோடு வீட்டுக்கே வந்துவிட்டார். பெட்டியை இப்போதே ஏற்றிவிட்டால் கடைசி நேரத்தில் மனசு அங்குமிங்கும் போகாது என்று சொல்லி, அவரே தூக்கி டிக்கியில் வைத்தார். இன்னும் சிலரிடம் கையெழுத்து வாங்கவேண்டியிருக்கிறது, முடித்துவிட்டு மத்தியானம் தொழிற்சாலைக்கே வந்து ஆளை ஏற்றிக்கொள்கிறேன் என்றார். பெட்டி போவதைக் கைப்பிடி வாசலில் நின்று பார்த்தாள். ஆள் போவதற்கு முன்னால் துணிமணி போய்விட்டது.

தொழிற்சாலை முற்றத்தில் முதலாளி, பொறியாளர், ஹோட்டல் அம்மா, ஒட்டவும் பூசவும் அடுக்கவும் செய்த பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். பள்ளிக்கு அன்று லீவு என்று மகளும் வந்திருந்தாள். இப்போது பற்கள் எல்லாம் முளைத்து, அப்பாவின் தோளுக்கு வந்துவிட்டாள்.

சூளைக்காரர் வாசலை அடைத்திருந்த செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளிருந்து வெதுவெதுப்பு வந்து முகத்தில் பட்டது. ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டதும் உள்ளே போனார். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் ஒரு கோப்பை இருந்தது.

சிவப்பு. லேசான சிவப்பு என்று மழுப்ப வழியில்லை. அறுத்த மாதுளையைப் போல அப்பட்டமான சிவப்பு. விளிம்பில் மட்டும், போனால் போகிறது என்று ஒரு கோடு பச்சை.

ஹோட்டல் அம்மா பையைத் திறந்து, பச்சை அட்டையை எடுத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் பிடித்தார். பொறியாளர் நேராகக் காற்றுத் தட்டியிடம் போய், அது சாய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"இதை யார் மூடினது?"

"நான்தாங்க," என்றார் சூளைக்காரர். "புகை வரலியேன்னு."

"புகை வரக்கூடாதுங்க. வராம இருந்தாத்தான் நல்லா எரியுதுன்னு அர்த்தம்."

"அவரு சும்மாதான் இருந்தாரு," என்று கைப்பிடி குறுக்கே வந்தாள். "புகை காணோமேன்னு நான்தான் கேட்டேன்."

"நீ கேட்டா? தட்டி என் கையிலதான இருந்துச்சு?"

"கேட்டதாலதான மூடினீங்க?"

"நீ கேட்கலேன்னாலும் மூடியிருப்பேன்."

தப்பு யாருடையது என்று இரண்டு பேரும் பங்குக்கு அடித்துக்கொண்டார்கள். பூச்சுப் பூசும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மகள் மட்டும் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி இந்தச் சண்டையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோப்பையை வாங்கி, நகத்தால் சுண்டினார். மணிபோல் ஒலித்தது. கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. பூச்சில் இருப்பது செம்பு என்றும், காற்றுக் கொடுத்துச் சுட்டால் பச்சையாகும், காற்றை மறித்தால் சிவந்துவிடும் என்றும் தனக்குத் தானே சொல்வதுபோல் முணுமுணுத்தார். பிறகு பொறியாளரைக் கூட்டிக்கொண்டு சுவரில் இருந்த மீட்டரிடம் போனார்.

எல்லோரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எண்ணெய்க் காலத்தில் ஒரு சூளை கெட்டால் என்ன நடக்கும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை அப்படி ஆனபோது முதலாளி மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். கெட்டதை இன்னொரு தரம் சுடுவது என்ற பேச்சே கிடையாது. அதற்கு எண்ணெய் வாங்குவதைவிட, கோப்பைகளைக் குழி தோண்டிப் புதைப்பது மலிவு.

மீட்டர் பக்கத்தில் பொறியாளர் ஆன செலவைச் சொன்னாள். முதலாளி இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். அவர் திரும்பி வந்தபோது நடையே மாறியிருந்தது.

"ஏம்மா, அடுத்த மாசம் கப்பல் லேட்டு, அங்க சண்டை, இங்க புயல்னு சொல்லி விலையை ஏத்திட மாட்டீங்களே?"

"கப்பலே இல்லீங்களே சார். அந்தத் தரிசுலருந்து வருது. நடந்து போனாக்கூட மத்தியானத்துக்குள்ள திரும்பிடலாம்."

முதலாளி சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து அங்கே யாருக்கும் பழக்கமில்லை. பல் இவ்வளவு இருக்கிறதா என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்.

"எண்ணெய் காலத்துல இந்தக் காசுக்குச் சூளையோட வாசல்கூட சூடாகியிருக்காது. இவ்வளவு நாளா நாம தப்புப் பண்ணக்கூட வசதி இல்லாம இருந்திருக்கோம்பா. எல்லாத்தையும் திரும்ப உள்ள அடுக்குங்க. காத்தைத் திறந்து விட்டு இன்னொரு தடவை சுடுவோம்."

ஹோட்டல் அம்மாவிடம் ஒரு வாரம் கேட்டார். சுவருக்கே இன்னும் வண்ணம் அடித்து முடியவில்லை, ஒரு வாரம் என்ன, பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். போகும்போது இரண்டு சிவப்புக் கோப்பைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, இது ஹோட்டலுக்கு இல்லை, என் வீட்டுக்கு என்று கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்.

சூளைக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். கைப்பிடி மனசுக்குள் கணக்குப் போட்டாள். சூளை பிழைத்துவிட்டது. ஆனால் சொன்ன சொல், முதல் சூளை நன்றாக வந்தால் என்பதல்லவா? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். போனமுறை வாயைத் திறந்ததன் பலன் எதிரிலேயே சிவப்பாக அடுக்கி இருந்தது. மூடிக்கொண்டாள்.

கேட்டது கணவர்தான். "யாருங்க சுடுறது?"

"வேற யாரு?" என்றார் முதலாளி. "உன்னை அனுப்பிட்டுப் புதுசா ஒருத்தனைக் கொண்டாந்தா, அவன் முதல்லருந்து தப்புப் பண்ணணும். நீ பண்ணி முடிச்சுட்டே."

சூளைக்காரர் சட்டைக் கையை மடித்தார். காற்றுத் தட்டியை முழுக்கத் திறந்தார். ஒரு கம்பித் துண்டைத் தேடி எடுத்து, தட்டி அசையாதபடி கட்டினார். கட்டிய பிறகு மனைவியைப் பார்த்தார்.

"இனிமே நீ கேட்டாலும் மூட முடியாது."

"நான் இனிமே மேல பார்க்கவே மாட்டேன்."

மகள் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கைப்பிடி அவள் பக்கத்தில் போய் நின்று, அன்றைக்குத் தலை வாரிக்கொண்டே விழுங்கிவிட்ட பதிலைச் சொன்னாள். "இல்லடி, இனிமே குடுக்கல. உங்கப்பாவையும் குடுக்கல, காசையும் அவ்வளவு தூரத்துக்குக் குடுக்கல." எதைப் பற்றிச் சொல்கிறாள் என்று மகளுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நல்லவேளை வைத்துவிட்டு, அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. விமானம் உள்ளே வந்தார். கையில் டிக்கெட் உறை. முற்றத்தில் ஒரே சத்தம். பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கோப்பைகளைச் சூளைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சூளைக்குள்ளிருந்து சூளைக்காரரின் குரல் மட்டும் வந்தது. இது இங்கே, அது அங்கே, தள்ளி வை, இடிக்காதே.

கைப்பிடி ஒரு சிவப்புக் கோப்பையில் டீ ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் கோப்பையைத் தூக்கி அடியில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். இப்போதும் தூக்கிப் பார்த்தார். முதலாளியின் பழைய முத்திரை இருந்தது. நின்றபடியே டீயைக் குடித்தார். சூளை வாசலைப் பார்த்தார். வெளியே நீண்ட ஒரு கை, அடுத்த கோப்பைக்காக விரலை ஆட்டிக்கொண்டிருந்தது. கோப்பையை மெதுவாகச் சுவர் மேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

கைப்பிடி பின்னாலேயே போனாள். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் போனாள். அவர் டிக்கியைத் திறந்தார். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, தெருவில் தோண்டி மூடிய ஈரமண் படாமல், வாசற்படி மேல் வைத்தார். பிடியில் தொங்கிய விமான நிலையச் சீட்டைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காரில் ஏறினார். பக்கத்து இருக்கை காலியாக இருக்க, காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.